கம்மி பட்ஜெட்ல லிப்ஸ்டிக், மேக்கப்

காசு கம்மின்னா மொதல்ல ஒரே ஒரு நல்ல க்ரீம் லிப்ஸ்டிக் வாங்குங்க, செங்கல் கலரோ டார்க் ரோஸோ, நம்ம மாநிறத்துக்கு ரெண்டுமே சூப்பரா எடுக்கும், அதையே விரல்ல லேசா தொட்டு கன்னத்துல தட்டினா பிளஷ், தனியா வாங்கவே வேணாம். கண்ணு மேல மட்டும் போடாதீங்க, சில சிவப்பு நிறமி கண்ணுக்கு ஆகாது, அங்க காஜல் போதும்.

தீர்ந்துருச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ்! குழாய் அடியில இன்னும் நெறைய ஒட்டிட்டு இருக்கும், சுத்தமான குச்சியால சுரண்டி ஒரு குட்டி டப்பால போட்டு கொஞ்சம் வாசலின் சேத்து சுடுதண்ணில வெச்சு உருக்கி ஆற விட்டா கலர் லிப் பாம் ரெடி, எனக்கு கடையில விக்கிறத விட இதுதான் புடிக்கும்.

பளபளப்பு இல்லாத மேட் லிப்ஸ்டிக் போட்டா உதடு வறளுதா, முன்னாடியே தேங்காண்ணெய் தடவி துடைச்சிட்டு போடுங்க.

பிளாட்பாரத்துல பெரிய பிராண்ட் பேர்ல அடிமாட்டு விலைக்கு வர்றத மட்டும் நம்பாதீங்க, உதட்டுல போடுறது வாய்க்குள்ளயும் போகும். பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், எக்ஸ்பைரி மூணும் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. திறந்த டப்பா படத்துல 12எம்னு இருந்தா திறந்த நாள்லேந்து 12 மாசம், அதனால ஒண்ணு முடிச்சிட்டு அடுத்தது வாங்குங்க.