வார்ப்படக் கசடிலிருந்து செம்பை மீட்கும் முறை

காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செம்போ வெண்கலமோ உருக்கும் சிறு பட்டறையாளர்கள், மூசையிலிருந்து (உலோகம் உருக்கும் குடுவை) வழித்தெடுத்த கசடின் (உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கழிவு) மேல் உடனே தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே இந்த வேலையின் பாதி வெற்றி. உருகிய உலோகத்தில் நீர் பட்டால் வெடித்துச் சிதறும் என்பது ஒருபுறமிருக்க, சட்டென்று குளிரும் கசடு கண்ணாடிபோல் இறுகி, நுண்ணிய செம்புத் துளிகளைத் தன்னுள்ளே பூட்டிக்கொள்கிறது. நன்கு உலர்ந்த இரும்புத் தொட்டியில் மூடி வைத்து மெல்ல ஆறவிட்டால், அத்துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிய மணிகளாகும். பெரிய உருக்காலைகளிலும் கசடை மெதுவாகக் குளிரவைத்து அரைத்த பிறகே, நீரில் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து மேலே மிதக்கச் செய்யும் நுரைமிதப்பு முறையில் செம்பைப் பிரிக்கிறார்கள்.

ஆறிய கசடை உடைத்து இடித்தால் கசடு தூளாகும். செம்பு நொறுங்காமல் தட்டையாகிச் சல்லடை மேல் நிற்கும். கோயில் மணி போன்றவற்றை வார்க்கும், வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் மட்டும் கசடோடு சேர்ந்தே பொடிந்துவிடும் என்பதால் அதற்குச் சல்லடையை நம்ப முடியாது. இடிக்கும்போது எழும் தூசியில் மணற்சத்தும் (சிலிக்கா) சில கலவைகளில் காரீயமும் இருக்கும். தூசிக்கான முகமூடி இல்லாமல் இடிக்கவே கூடாது.

இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் நீக்கியபின், சல்லடைக்குக் கீழே விழுந்த தூளை அகன்ற தட்டில் நீர்விட்டு அலச வேண்டும். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், கசடினுடையது பெரும்பாலும் 3 முதல் 4 கிராம் வரையே என்பதால் உலோகம் அடியில் தங்கும். அலசிய நீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். குரோமியக் கழிவு ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கண்ட நாம், இந்த நீரைச் சாக்கடை வழியே பாலாற்றுக்கு அனுப்புவது எவ்வகையிலும் நியாயமாகாது.

கிடைத்த உலோகத்தை வேலூர் வெயிலை மட்டும் நம்பி உலர்த்தாமல், இரும்புச் சட்டியில் சூடாக்கி ஈரத்தை முழுவதும் போக்கிய பிறகே, வெண்காரமும் (போராக்ஸ்) மரக்கரியும் சேர்த்து மூசையில் உருக்க வேண்டும். செம்பு 1085 பாகை செல்சியஸில் உருகும். பித்தளை கலந்திருந்தால் துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து வெண்புகையாக எழும்; அது காய்ச்சலை உண்டாக்கும் என்பதால் காற்றோட்டமுள்ள இடம் தேவை.

கருஞ்சிவப்பாகத் தெரியும் கசடில் செம்பு ஆக்சைடாகவும் கரைந்திருக்கக்கூடும். அது இடித்தாலும் அலசினாலும் வராது. கரித்தூளோடு கலந்து மீண்டும் உருக்கினால்தான் அதில் ஒரு பகுதியாவது உலோகமாகும்.

வெளியிலிருந்து கசடு வாங்கி உருக்க விரும்புவோர், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.