ரெண்டும் தைமோசின்தானே, மிஸ்?

நோய் எதிர்ப்புக்காக ஆராயப்படும் பெப்டைடுகளை (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள்) ஒப்பிட்டுப் பிள்ளைகள் தயாரித்த மூன்று செமினார் அட்டவணைகள் நாகர்கோவிலில் என் மேசையில் கிடக்கின்றன. மூன்றிலும் நான் படிக்கும்போது செய்த அதே தவறு. எழுத்துப்பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். இதையும் கூடவே கண்ட வேறு சிலவற்றையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

தைமோசின் ஆல்ஃபா 1, தைமோசின் பீட்டா 4 இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுவது

இரண்டும் முதலில் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து கிடைத்ததால் தைமோசின் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆல்ஃபா, பீட்டா என்பது செய்யும் வேலையை வைத்து இட்டதல்ல. ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி (மூலக்கூறின் மொத்த மின்சுமை சுழியாகும் pH) 5-க்குக் கீழே இருந்தால் ஆல்ஃபா, 5 முதல் 7 வரை பீட்டா. ஆல்ஃபா 1, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் முதிர உதவுவது. பீட்டா 4 செல்லுக்குள் ஆக்டின் என்ற, செல்லின் வடிவத்தைத் தாங்கும் புரதத்தைப் பிடித்து வைப்பது; புண் ஆறுவதற்காக ஆராயப்படுவது.

ஆர்டர் படிவத்தில் நான் ‘தைமோசின்’ என்று மட்டும் எழுதினேன். வந்த குப்பியை வைத்து லிம்போசைட்டுகளில் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) ஆறு வாரம் சோதித்தேன். ஒன்றும் அசையவில்லை. செல் சரியில்லை, சீரம் சரியில்லை என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குப்பியோடு வந்த சான்றிதழை எடுத்தால் மூலக்கூறு எடை 4963, அதாவது பீட்டா 4. ஆல்ஃபா 1 என்றால் 3108 இருக்க வேண்டும்! அந்த வருடத்துப் பணம் அதோடு போயிற்று. இன்றைக்கும் ஆறவில்லை. அமினோ அமில வரிசையை மேலோட்டமாகப் பார்த்தாலும் ஏமாறுவீர்கள்: இரண்டும் அசிட்டைல் ஏறிய செரின், அடுத்து அஸ்பார்டிக் அமிலம் என்றுதான் தொடங்கும். மூன்றாவதில்தான் பிரியும், ஆல்ஃபா 1-ல் அலனின், பீட்டா 4-ல் லைசின்.

“ரெண்டும் தைமோசின்தானே, மிஸ்?” என்றாள் ஒருத்தி. “மக்ளே, வாழக்குலைன்னு மட்டும் கேட்டா மட்டியும் தருவாவ, ஏத்தனும் தருவாவ. மட்டிய வச்சு சிப்ஸ் போடுவியா?” என்றேன். உடனே பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தாள்.

எல்எல்-37 கூடக் கூட நல்லது என்று எழுதுவது

கிருமியின் சவ்வைக் குலைக்கும் இந்தப் பெப்டைடை நம் உடலே தயாரிக்கிறது. சோரியாசிஸ் வந்த தோலில் இது மிகுதி. அங்கே நம் சொந்த டிஎன்ஏவோடு சேர்ந்து அழற்சியைக் கிளப்புகிறது. இரண்டையும் எழுதுங்கள்.

கேபிவியை ‘எதிர்ப்பைக் கூட்டுவது’ என்பது

மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடு ஆராயப்படுவது அழற்சியைத் தணிக்க.

ஆய்வுக் குப்பியை வீட்டில் குத்திக்கொள்வது

வேண்டவே வேண்டாம்.

பலிக்காத சோதனையை விட்டுவிடுவது

சீனாவில் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் பழுதாகும் நிலை) வந்த 1106 பேரிடம் ஆல்ஃபா 1 சோதிக்கப்பட்டு, முடிவு 2025-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. 28 நாளுக்குள் நேரும் இறப்பு குறையவில்லை. இந்த வரி இல்லாத அட்டவணையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.