குதிகால் வலிக்கு ஒரு சுருட்டிய துண்டு

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுரீரென்று குத்தும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த திசுப்பட்டையில்தான் கோளாறு என்றார் பிசியோதெரபிஸ்ட். விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது அந்தப் பட்டை இழுபட்டுப் பாத வளைவை உயர்த்துகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கிய இயக்கம் இது. என் பயிற்சியும் அதை வைத்துத்தான்.

படிக்கட்டு விளிம்பில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஒற்றைக்காலில் நிற்பேன். குதிகாலை 3 விநாடியில் தூக்கி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவேன். அவசரமே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அந்தப் பட்டையிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் சுமைக்குப் பழக மாதங்கள் ஆகும். எனக்கும் வலி அப்படித்தான் மெல்லக் குறைந்தது. வெறும் ஓய்வைவிட இதுவே மேல் என்பேன். மறுநாள் வலி கூடினால் மட்டும் குதிகாலைத் தூக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.