வீட்டிலேயே மலப் பரிசோதனை: மாதிரி கெடாமல் எடுப்பது எப்படி?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியிலிருந்துதான் கிளம்புகிறது. அது புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகள்வரை ஆகும். அந்த இடைவெளியில் பாலிப்பைக் கண்டு வெட்டிவிட்டால் அது புற்றாக மாறுவதைத் தடுத்துவிடலாம். பாலிப் கசியவிடும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. மலத்தில் கலந்திருக்கும் அந்த ரத்தத்தைப் பிடிப்பதுதான் ஃபிட் (FIT) எனும் மலப் பரிசோதனை.

சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்கா 2021இல் தொடக்க வயதை 45 ஆக இறக்கியது. புகை, மது, உடல் பருமன், நீரிழிவு, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் ஆபத்தைக் கூட்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் கணக்கே வேறு: 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 ஆண்டு முன்பு, எது முந்தியோ அப்போது நேரே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்வது நல்லது. நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் ஃபிட் போதாது.

மாதிரி எடுக்கும்முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். மலம் தண்ணீரில் விழக்கூடாது. விழுந்தால் ரத்தம் கரைந்துபோகும். கழிப்பறைக் கிண்ணத்தின் குறுக்கே தாளை விரித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காகத் தரும் குப்பியின் மூடியோடு வரும் குச்சியின் நுனியால் மலத்தின் மேற்பரப்பில் நாலைந்து இடங்களில் கீறுங்கள். நுனியின் வரிப்பள்ளங்கள் நிரம்பினால் போதும். நிறைய இருந்தால் நல்லது என்று அள்ளித் திணிப்பவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் அளவு தப்பிவிடும். குப்பிக்குள் செருகி, இறுக மூடி, குலுக்கி, தேதி எழுதுங்கள். நம் ஊர் வெயிலில் காருக்குள் வைத்தால் ரத்தப் புரதம் சிதைந்து, இருக்கும் ரத்தமும் இல்லை என்று வரும். குளிர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வடியும்போதும் மாதிரி எடுக்க வேண்டாம். உணவுப் பத்தியம் தேவையில்லை; இது மனித ரத்தத்தை மட்டுமே காட்டும், ஆட்டுக்கறியை அல்ல.

ரத்தம் இருப்பதாக வந்தால் அது புற்று என்று பொருளல்ல. ஆனால் 'இன்னொரு தடவை பார்த்துக்கலாம்' என்று அதே சோதனையைத் திரும்பச் செய்வதுதான் பெருந்தவறு. பாலிப் தினமும் கசிவதில்லை. இரண்டாவது முறை இல்லை என்று வந்தாலும் முதல் முடிவு பொய்யாகாது. அடுத்தது கொலோனோஸ்கோபிதான்.

ஏற்கெனவே மலத்தில் ரத்தம் தெரிகிறது, மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்றால் ஃபிட்டுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்காதீர்கள்.