இழப்புள்ள இரண்டு க்யூபிட்களில் குவாண்டம் அனீலிங்: முதல் கணக்கு

ஒரு சிக்கலின் சிறந்த விடையை ஒரு குவாண்டம் அமைப்பின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையாக அமைத்துக்கொண்டு, எளிதாக உருவாக்கக்கூடிய ஒரு தொடக்க நிலையிலிருந்து அந்த நிலைக்கு மெதுவாக நகர்த்திச் செல்வதே குவாண்டம் அனீலிங். இதைக் கடோவாகியும் நிஷிமோரியும் 1998ஆம் ஆண்டில் முன்வைத்தனர். அதே ஆண்டில்தான் பெண்டரும் போட்சரும், ஹெர்மீஷியன் அல்லாத சில ஹாமில்டோனியன்களுக்கும் மெய்யெண் ஆற்றல் மதிப்புகள் அமையும் என்று காட்டினர். ஹாமில்டோனியன் என்பது அமைப்பின் ஆற்றலைக் குறிக்கும் அணி. நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றி, கற்பனைப் பகுதிகளின் குறியையும் மாற்றினால் அதே அணி வருமானால் அது ஹெர்மீஷியன். இழப்பைச் சேர்த்தால் அந்தப் பண்பு போய்விடும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதத்தில் கலப்பெண்களைப் படித்து, அணிப் பெருக்கலும் தெரிந்தவர்களுக்கு இது எட்டும். கணினியில் பைத்தானும், நம்பை, சைபை ஆகிய தொகுப்புகளும் இருந்தால் போதும்.

முதல் படி: சிக்கலை ஆற்றலாக எழுதுதல்

தீபாவளிச் சந்தையின்போது கேம்பல் லேனில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் முறுக்கு விற்கலாம் (+1), அல்லது மாலை விற்கலாம் (−1). ஆனால் இரண்டும் ஒரே பொருளை விற்கக் கூடாது. முதல் கடைக்காரருக்கு முறுக்கின் மேல் சற்று விருப்பம் அதிகம். இரண்டு மதிப்புகளின் பெருக்கற்பலனிலிருந்து முதல் கடையின் மதிப்பில் பாதியைக் கழித்தால் ஆற்றல் கிடைக்கும். (+,+) என்பதற்கு 0.5, (+,−) என்பதற்கு −1.5, (−,+) என்பதற்கு −0.5, (−,−) என்பதற்கு 1.5. ஆகவே விடை (+,−). ஒவ்வொரு கடையையும் ஒரு க்யூபிட்டாக, அதாவது +1, −1 என இரு நிலைகள் கொண்ட குவாண்டம் அலகாகக் கொள்வோம். அந்தப் பெருக்கற்பலன்தான் க்யூபிட்களுக்கு இடையிலான இடைவினை; அது இல்லாவிட்டால் ஒவ்வொரு க்யூபிட்டையும் தனித்தனியாகத் தீர்த்துவிடலாம், அனீலிங்கே தேவைப்படாது.

இரண்டாம் படி: பாதையை அமைத்தல்

கழிந்த காலத்தின் பங்கை ‘க’ என்போம். அது 0 முதல் 1 வரை செல்லும். தொடக்க ஹாமில்டோனியன், இரு க்யூபிட்களின் எக்ஸ் அணிகளின் (+1, −1 நிலைகளை ஒன்றுக்கொன்று மாற்றுபவை) கூட்டுத்தொகைக்கு எதிர்க்குறி இட்டது. அதை (1−க) ஆலும், மேலே எழுதிய சிக்கலை ‘க’ ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். நான்குக்கு நான்கு அணிகளை அமைக்க நம்பையின் ‘க்ரான்’ செயற்கூறு உதவும். க=0 எனில் ஐகன் மதிப்புகள் (அணி தரும் ஆற்றல் மதிப்புகள்) −2, 0, 0, 2 என்றும், க=1 எனில் மேலே கண்ட நான்கு ஆற்றல்களாகவும் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: இழப்பைச் சேர்த்தல்

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தவறான விடைகளின் மேல் நேரடியாக இழப்பை வைக்க ஆசை எழும். ஆனால் எவை தவறானவை என்று முன்பே தெரிந்திருந்தால் கணக்கே வேண்டியதில்லை. ஆகவே இழப்பைத் தொடக்கப் பகுதியோடு இணைத்து, பயணம் முடியும்போது தானே மறையும்படி செய்வதுதான் நேர்மையான வழி. ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் (1−எக்ஸ்)/2 என்ற அணியை எடுத்து (இங்கே 1 என்பது அலகு அணி), அதை இழப்பின் அளவான காமாவாலும் (1−க) ஆலும் கற்பனை அலகாலும் பெருக்கி, ஹாமில்டோனியனிலிருந்து கழியுங்கள். காமா 0.5 எனில், க=0 இல் ஐகன் மதிப்புகள் −2, −0.5ஐ, −0.5ஐ, 2−1ஐ என வரும் (‘ஐ’ கற்பனை அலகு). கற்பனைப் பகுதி எதிர்க்குறியில் இருந்தால் அந்த நிலை காலப்போக்கில் தேயும். ஆகவே தொடக்கத்தின் அடிநிலைக்கு, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு, இழப்பில்லை. அதற்கு மேலான கிளர்நிலைகள் மட்டுமே தேய்கின்றன.

இந்த இடத்தில் நம்பையின் ‘ஐக்ஹெச்’ செயற்கூறைப் பயன்படுத்தவே கூடாது. கொடுத்த அணி ஹெர்மீஷியன்தானா என்று அது சோதிப்பதில்லை. மூலைவிட்டத்தின் கற்பனைப் பகுதியைப் புறக்கணித்துவிட்டு, பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் மெய்யெண்களைத் தந்துவிடும். ‘ஐக்’ செயற்கூறையே அழையுங்கள். அது மதிப்புகளை வரிசைப்படுத்தாது என்பதால், மெய்ப்பகுதியைக் கொண்டு நீங்களே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: விதிவிலக்குப் புள்ளியைக் காணுதல்

இதற்கு இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றே போதும். மூலைவிட்டத்தில் 0, −காமா×ஐ. மற்ற இரு இடங்களிலும் 0.1. காமா 0 எனில் இரு மதிப்புகளுக்கும் இடையே 0.2 இடைவெளி இருக்கும். காமா 0.12 ஆகும்போது அது 0.16 ஆகக் குறையும். 0.2 ஆகும்போது இரு மதிப்புகளும் −0.1ஐ என்ற ஒன்றாகிவிடும். அவற்றுக்குரிய நிலைகளான ஐகன் திசையன்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். இதுவே விதிவிலக்குப் புள்ளி. ஹெர்மீஷியன் அணியில் இப்படி நிகழவே நிகழாது. காமா 0.52 எனில் மதிப்புகள் −0.02ஐ, −0.5ஐ, இடைவெளி 0.48 ஆக விரிந்துவிட்டது, ஆனால் கற்பனைத் திசையில். இழப்பு அனீலிங்கை விரைவுபடுத்தும் என்ற நம்பிக்கை பிறப்பது இந்த விரிவிலிருந்துதான், ஏனெனில் வழக்கமான அனீலிங்கில் இடைவெளி சிறுத்தால் தேவையான காலம் மிக வேகமாகக் கூடும். ஆனால் கற்பனை இடைவெளி தரும் வேகம், ஒரு நிலை தேய்ந்து மறைவதால் வரும் வேகம்.

இது வெறும் தாள் கணக்கன்று. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீக்கடத்தி க்யூபிட் ஒன்றை இந்தப் புள்ளிக்கு இருபுறமும் அளந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இழப்பு நிகழாத ஓட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைத் தள்ளிவிடுவதே அவர்களது முறை.

ஐந்தாம் படி: காலத்தில் நகர்த்துதல்

மொத்தக் காலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அணியின் அடுக்குக்குறிச் சார்பைக் கணக்கிடும் சைபையின் ‘எக்ஸ்பிஎம்’ கொண்டு நிலைத் திசையனை நகர்த்துங்கள். தொடக்கத் திசையனின் நான்கு உறுப்புகளும் 0.5. இடையில் எங்கும் திசையனின் நீளத்தை மீண்டும் 1 ஆக்க வேண்டாம். குறைந்துவரும் அந்த நீளத்தில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. முடிவில் நீளத்தின் வர்க்கம், ஓட்டம் தப்பிப் பிழைத்த நிகழ்தகவு. (+,−) க்குரிய இரண்டாம் உறுப்பின் வர்க்க அளவு, ஒரு ஓட்டத்தில் விடை உண்மையில் கிடைக்கும் நிகழ்தகவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது, பிழைத்த ஓட்டங்களில் மட்டும் காணும் வெற்றி விகிதம்.

வகுத்து வந்த எண்ணை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிழைத்தவற்றில் 90 விழுக்காடு சரி, ஆனால் பிழைத்தவை 20 விழுக்காடுதான் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓட்டத்தின் உண்மையான வெற்றி 18 விழுக்காடு. விடை ஒரு முறையாவது கிடைப்பதை 99 விழுக்காடு உறுதியாக்க 24 ஓட்டங்கள் வேண்டும். இழப்பே இல்லாமல் 60 விழுக்காடு கிடைத்திருந்தால் 6 ஓட்டங்களே போதும்.

ஆகவே காமாவை 0 இலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு மதிப்புக்கும் மொத்தக் காலத்தையும் மாற்றிப் பார்த்து, தேவையான ஓட்டங்களின் எண்ணிக்கையை ஓர் ஓட்டத்தின் காலத்தால் பெருக்கிக் குறித்துவையுங்கள். காமா 0 க்கான மிகச் சிறிய பெருக்கற்பலனைவிடக் குறைவான ஒன்று வேறெந்தக் காமாவுக்காவது கிடைத்தால் மட்டுமே இழப்பு உதவியது என்று எழுதலாம்.