எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டியும் யாருக்கும் கேட்கவில்லையா?

அமெச்சூர் வானொலிக்காக வெட்டவெளியில் விப் ஆன்டெனாவை (செங்குத்தாக நிற்கும் கம்பி) நிறுத்தி, 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 வந்ததும் வேலை முடிந்தது என்று மைக்கை எடுப்பவர்கள் அதிகம். முதல் தவறே அதுதான்.

அடியில் காயில் (கம்பிச் சுருள்) வைத்த 2.5 மீட்டர் உயர விப்பின் கதிர்வீச்சுத் தடை (சக்தியை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) 7.1 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1.5 ஓம் மட்டுமே. மீட்டர் 50 ஓம் (கேபிளுக்குப் பொருந்தும் தடை) காட்டுகிறது என்றால் மீதி 48.5 ஓம் யாருடையது? மண்ணும் காயிலும் தின்கிற பங்கு அது. 100 வாட் கொடுத்தால் வானுக்குப் போவது 3 வாட். ரேடியல் கம்பிகளை (ஆன்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் விரிக்கும் ஒயர்கள்) கூட்டி மொத்தத் தடையை 25 ஓமுக்கு இறக்கினால் எஸ்.டபிள்யூ.ஆர். 2 ஆக ஏறும். ஆனால் ஆன்டெனாவின் திறன் இரட்டிப்பாகும். இதைப் பார்த்துப் பயந்து ரேடியல்களைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். ஏறிய எஸ்.டபிள்யூ.ஆரை ட்யூனர் (ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் செய்யும் கருவி) பார்த்துக்கொள்ளும். மண்ணில் போனதை எதுவும் மீட்டுத் தராது.

கையில் 40 மீட்டர் ஒயர் இருந்தால் 10 மீட்டரில் நான்காக வெட்டாமல் 5 மீட்டரில் எட்டாக வெட்டித் தரையில் விரியுங்கள். தரையில் கிடக்கும் ரேடியலுக்கு நீளக் கணக்கு முக்கியமில்லை. தரையைவிட்டு உயர்த்திக் கட்டினால்தான் கால் அலைநீளம் வேண்டும்: 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும், 14.15-க்கு 5.05.

ஒயர் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இருபுறமும் சம நீளத்தில் ஒயர் கட்டிய ஆன்டெனா) என்றால் அவசரக் கத்தரிதான் எதிரி. 20.9 மீட்டர் ஒயர் 6.85 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, 7.1 வேண்டும் என்றால், 6.85-ஐ 7.1-ஆல் வகுத்து நீளத்தோடு பெருக்குங்கள். 20.16 வரும், ஆக, பக்கத்துக்கு 37 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டாமல் நுனியை மடக்கி ஒயரின் மேலேயே முறுக்கிவிடுங்கள். இன்னொரு இடத்தில், இன்னொரு உயரத்தில் கட்டும்போது அதே 37 தேவைப்படாது. உறையிட்ட ஒயர் வெற்றுக் கம்பியைவிடச் சற்றுக் குட்டையாகவே ஒத்ததிரும் என்பதையும் முதல் அளவிலேயே கணக்கில் எடுங்கள்.

விப்பின் காயிலில் டேப்பை (எத்தனை சுற்று வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இணைப்பு) மாற்றிவிட்டுக் கையை அருகிலேயே வைத்தபடி மீட்டரைப் பார்ப்பது இன்னொரு வழக்கம். உங்கள் உடலும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். இரண்டு மூன்று மீட்டர் விலகி நின்று பாருங்கள். டேப்பை மாற்றும்போது ஒருபோதும் ட்ரான்ஸ்மிட் செய்யாதீர்கள். ஐந்து வாட்டிலும் விரல் சுடும்.

நீளமான மெல்லிய கோஆக்ஸும் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) பொய் சொல்லும். கேபிளில் 1 டெசிபெல் இழப்பு இருந்தால், ஆன்டெனாவில் 3 ஆக இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். ரேடியோ முனையில் 2.3 என்று தெரியும். அதனால் ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஊட்டுமுனையிலேயே அளவெடுங்கள். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் அதிர்வெண் வரம்பை மாற்றினால் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற அளவுத்துண்டுகள் மூன்றையும் வைத்து மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும். அளந்து முடித்ததும் அதைக் கழற்றிய பிறகே ரேடியோவைக் கேபிளில் மாட்டுங்கள். பக்கத்தில் வேறொருவர் ட்ரான்ஸ்மிட் செய்யும்போது அளப்பதும் நானோ வி.என்.ஏ.வின் உள்ளீட்டை எரித்துவிடக்கூடும்.