ஒன்பது கட்டப் போர்வை: சேர்ந்துபோன துணியை வெட்டுவதிலிருந்து ஓரம் கட்டுவது வரை

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலை செய்பவர்கள் வீட்டில் துணி சேரும் வேகத்துக்குப் போர்வை சேர்வதில்லை. பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் ஓர் அளவு, ஒவ்வொன்றும் ஒரு கோணல். தைக்கக் கிடைத்த ஒரு மணி நேரம் தேடுவதிலும் தேய்ப்பதிலும் கரைந்துவிடும். இன்னொரு அலமாரி வாங்கினால் இது தீராது. ஒரு வேலை முடிந்து மிச்சம் விழுந்த அன்றைக்கே, ஒன்றோடொன்று பொருந்துகிற நான்கு அளவுகளில் வெட்டி வைத்துவிட வேண்டும்.

அந்த நான்கு அளவுகள் 1½, 2½, 4½, 6½ இன்ச். தையலுக்கு இரு பக்கமும் கால் கால் இன்ச் போய்விடுவதால், தைத்து முடித்தபின் இவை 1, 2, 4, 6 இன்ச்சாக நிற்கும். இரண்டு 2½ சதுரங்களைச் சேர்த்தால் நீளம் 4½. மூன்றைச் சேர்த்தால் 6½. எந்த டப்பாவிலிருந்து எதை எடுத்தாலும் இன்னொன்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். முக்கோணங்களுக்காக மட்டும் 5 இன்ச் சதுரங்களைத் தனியே வையுங்கள். அடர்ந்தது ஒன்று, வெளிர்ந்தது ஒன்று என இரண்டு 5 இன்ச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டத்தில் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைக்கும். அவை 4½ இன்ச்சை விடக் கொஞ்சம் பெரிதாகவே வரும். 4½க்குச் சீவிவிட்டால் அதுவும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடும்.

வெட்டும்போது பெரிய அளவிலிருந்து தொடங்குங்கள். 6½ வருமா, இல்லாவிட்டால் 4½ வருமா என்று பார்த்து, மிச்சத்தை 2½ பட்டையாகவும், கடைசியில் 1½ பட்டையாகவும் எடுங்கள். பட்டையை உடனே சதுரமாக்க வேண்டாம். நீளமாக இருக்கும்வரை அதற்குப் பல வழி உண்டு. அரை மீட்டருக்கு மேல் இருக்கும் துணியில் கையே வைக்காதீர்கள். வெட்டிய துணி வளராது. 1½ இன்ச் பட்டைகூடத் தேறாத துண்டுகளைக் குஷனுக்குள் அடைக்கும் பையில் போட்டுவிடலாம். அதையும் சேமித்து வைத்தால் நல்ல துண்டுகள் கண்ணில் படாமல் போகும்.

துணியின் இரு பக்கக் கரையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே நெசவு நெருக்கமாக இருப்பதால், துவைக்கும்போது மற்ற பகுதியைப் போல் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும்.

துவைத்துவிட்டு வெட்டுவதா, துவைக்காமலேயா என்று கேட்பவர்கள் அதிகம். பல இடங்களிலிருந்து வந்த பருத்தித் துணிகளைக் கலந்து தைப்பதானால் எல்லாவற்றையும் துவைத்துவிடுவதே நல்லது. ஒன்று துவைத்தது, ஒன்று துவைக்காதது என்று மட்டும் கலக்கக் கூடாது; முதல் சலவையில் ஒரு கட்டம் சுருங்கி அடுத்தது உப்பும். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். நனைத்த வெள்ளைத் துணியை அவற்றின்மேல் அழுத்தித் தேய்த்தால், சாயம் போவதாக இருந்தால் அதில் ஒட்டும். இரண்டு மூன்று சலவைக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சின்னத் துண்டுகளை வலைப்பையில் போட்டுத் துவைக்காவிட்டால் பிசிறு நூல் எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுவிடும். துவைத்த துணி தொளதொளவென்று இருக்கும் என்பதால், வெட்டுவதற்கு முன் லேசாகக் கஞ்சி தெளித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. மடிப்பு விளிம்பில்தான் முதலில் நிறம் வெளுக்கும். அது கோடாகத் தெரியும். பூச்சில்லாத மரப்பலகையின்மேல் பருத்தியை அப்படியே அடுக்கினால் நாளாக ஆகப் பழுப்பேறும். இடையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள். முழுக்க உலராத துணியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் மூடினால் பூசணம்தான்.

நிறத்தை விட வெளிச்சம் முக்கியம்

டப்பாக்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிப்பதை விட அடர்ந்தது, நடுத்தரம், வெளிர்ந்தது என்று பிரிப்பது அதிகம் உதவும். கட்டங்களின் கோலம் கண்ணுக்குத் தெரிவது வெளிச்ச வித்தியாசத்தால்தான். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றும்; இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும்போது கோலமே இருக்காது. சந்தேகம் வந்தால் துணிகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். இரண்டு துணி ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை ஒரே டப்பாவுக்குரியவை.

கணக்கு

42 × 54 இன்ச் அளவில் மடியில் போட்டுக்கொள்ளும் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்கே 7, நெடுக்கே 9, ஆக 63 கட்டங்கள். ஒவ்வொன்றும் தைத்தபின் 6 இன்ச். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறு சதுரங்கள் சேர்ந்த ஒன்பது கட்டத் தொகுதியும், ஒரே துணியாலான வெறும் சதுரமும் மாறி மாறி வரும். இரண்டு எண்ணிக்கையும் ஒற்றைப்படை என்பதால் நான்கு மூலையிலும் ஒன்பது கட்டமே விழும். ஒன்பது கட்டம் 32, வெறும் சதுரம் 31.

அடர் நிறத்தில் 2½ × 21 இன்ச் பட்டைகள் 20, வெளிர் நிறத்தில் அதே அளவில் 16 வேண்டும். இவை சேர்த்து வைத்த துண்டுகளிலிருந்தே வந்துவிடும். எவ்வளவு வகை கலந்தாலும் அழகுதான். வெறும் சதுரங்களை மட்டும் ஒரே துணியில் 6½ இன்ச்சாக 31 வெட்டுங்கள், 1¼ மீட்டர் போதும். இத்தனை கலவைக்கு நடுவே கண் இளைப்பாற அந்த ஒரே துணி வேண்டும். அடித்துணிக்கு 42 இன்ச் அகலத்தில் 2¾ மீட்டர். நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பு 50 × 62 இன்ச். ஓரப்பட்டிக்கு 2½ இன்ச் அகலத்தில், துணியின் முழு அகலத்துக்கும் நீளும் பட்டைகள் 6.

45 மி.மீ. ரோட்டரி கட்டர் (உருளும் வட்ட பிளேடு உள்ள வெட்டுக் கருவி), வெட்டும் பாய், 6 × 24 இன்ச் ஸ்கேல் இருந்தால் வெட்டுவது வேகமாக முடியும். துணியை மடித்து வெட்டும்போது மடிப்புக் கோட்டுக்கு ஸ்கேல் நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மூன்று நான்கு பட்டைக்கும் ஒருமுறை பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும், விரித்ததும் பட்டை நடுவில் முழங்கைபோல் வளைந்திருக்கும். அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது. ஸ்கேலைப் பிடிக்கும் கையின் சுண்டுவிரலை ஸ்கேலுக்கு வெளியே ஊன்றினால் நழுவாது. பிளேடு சில இழைகளை வெட்டாமல் தாண்டத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். அழுத்தி வெட்டும்போதுதான் கை நழுவும்.

கால் இன்ச், அதிலும் ஓர் இழை குறைவு

இந்த வேலையில் பாதிக்கு மேல் குறைகள் பிறப்பது இங்கேதான். தையல் ஒவ்வொன்றிலும் 1/16 இன்ச் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தையலில் இரண்டு துணியும் அந்த அளவை இழப்பதால் அரைக்கால் இன்ச் போகிறது. ஒன்பது கட்டத்தில் ஒரு திசையில் இரண்டு தையல், ஆக 6½ வரவேண்டிய தொகுதி 6¼ ஆகும். அதை 6½ வெறும் சதுரத்தோடு சேர்க்க இழுத்துத் தைத்தால், ஒரு பக்கம் சுருக்கம், இன்னொரு பக்கம் கோணல்.

சரியாகக் கால் இன்ச் தைத்தாலும் சற்றுக் குறையவே செய்யும். துணியைத் திருப்பித் தேய்க்கும்போது மடிப்பு ஒன்றிரண்டு இழையை விழுங்கிவிடுகிறது. அதனால் தையலைக் கால் இன்ச்சுக்கு ஓர் இழை உள்ளடங்கலாக, ஓரத்துக்கு நெருக்கமாகப் போட வேண்டும். சோதனை எளிது. 1½ இன்ச் பட்டைகள் மூன்றை நீளவாட்டில் சேர்த்துத் தைத்து, தேய்த்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை அச்சாக 1 இன்ச், மொத்த அகலம் 3½ இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை ஓரத்துக்கு நெருக்குங்கள், கூடினால் விலக்குங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் பல அடுக்கு டேப்பை ஒட்டி ஒரு சின்ன மதில் கட்டிவிடுங்கள். துணி அதை உரசிக்கொண்டே போகட்டும். ஊசிக்குப் பக்கத்தில் கண் வைத்தால் கோடு ஆடும். கண் மதிலில் இருக்க வேண்டும்.

ஊசி 80/12 எண், நூல் 50 எண் பருத்தி, தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. தொடங்கும் இடத்தில் மெஷின் துணியின் மூலையை உள்ளே இழுத்துக்கொண்டால், ஒரு கழிவுத் துண்டில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே வேலைத் துண்டுக்குள் ஓட்டுங்கள். பிரிக்க நேர்ந்தால் ஒரு பக்கம் நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்க நூலை இழுத்தால் துணி சேதப்படாமல் வரும்.

பட்டைகளைத் தைத்தல்

அடர், வெளிர், அடர் என்று மூன்று பட்டைகளைச் சேர்த்து 8 தொகுப்பு. வெளிர், அடர், வெளிர் என்று 4 தொகுப்பு. இரண்டாவது தையலை முதல் தையலுக்கு எதிர்த்திசையில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்தால் தொகுப்பு வாழைப்பழம்போல் வளையும்.

தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது; வைத்து, எடுத்து, நகர்த்தி வைக்க வேண்டும். முதலில் தைத்தபடியே மூடி வைத்து ஒருமுறை அழுத்தினால் நூல் துணிக்குள் படியும். பிறகு விரித்து, தையல் ஓரங்களை எப்போதும் அடர் துணியின் பக்கம் சாயுங்கள். வெளிர் துணிக்கடியில் அடர் ஓரம் நிழலாகத் தெரியாமல் இருக்க இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அடுத்த கட்டத்தில் புரியும்.

ஒவ்வொரு தொகுப்பின் ஒரு முனையைச் செங்குத்தாகச் சீவிவிட்டு, 2½ இன்ச் அகலத்தில் குறுக்கே வெட்டுங்கள். 21 இன்ச்சில் 8 துண்டு வரும். அதாவது முதல் வகையில் 64, இரண்டாம் வகையில் 32. முதல் வகை, இரண்டாம் வகை, முதல் வகை என்று மூன்றைச் சேர்த்தால் ஒரு தொகுதி.

இரண்டு துண்டை முகத்தோடு முகம் வைத்து, தையல்கள் சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக உருட்டிப் பாருங்கள். அடர் பக்கமே சாய்த்ததால் ஒன்றின் தடிப்பு இடமும் மற்றதன் தடிப்பு வலமும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இடித்து, ஒரு சிறு படியில் விழுந்ததுபோல் நிற்கும். விரலுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் மூலைகள் நூல் பிசகாமல் சேரும். விரலில் மேடு தட்டினால் ஏதோ ஒரு தையல் ஓரம் தவறான பக்கம் திரும்பியிருக்கிறது.

32 தொகுதிகளையும் 6½ இன்ச் இருக்கின்றனவா என்று அளந்த பிறகே வரிசை சேர்க்க வேண்டும். தரையில் பரப்பி, ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி அடுக்குங்கள். வரிசைக்குள் தையல் ஓரங்கள் எல்லாம் வெறும் சதுரத்தின் பக்கம் சாயட்டும்; வரிசைகள் சேரும்போது அவையும் எதிரெதிராக வந்து பொருந்தும்.

மூன்று அடுக்கு

அடித்துணியை 50 இன்ச் நீளத்தில் இரண்டாக வெட்டி, கரைகளை நீக்கி, நீள விளிம்புகளை அரை இன்ச் ஓரம் விட்டுச் சேர்த்து, ஓரத்தை விரித்துத் தேயுங்கள். 62 இன்ச்சுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடலாம். நல்ல பக்கம் கீழே இருக்குமாறு தரையில் விரித்து டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், தம்புராத் தந்திபோல் இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி அடியில் மடிப்பு விழும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளியே, 4 இன்ச்சுக்கு ஓர் ஊக்கு, ஏறக்குறைய 150 வேண்டும். ஊக்கைக் குறைத்தால் அடித்துணி நிச்சயம் மடியும்.

பஞ்சு விரிப்பின் உறையில் தையல் வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் சலவையில் பஞ்சு கட்டி கட்டியாகத் திரளும். நேர்கோட்டுத் தையலுக்கு மெஷினில் வாக்கிங் ஃபுட் என்னும் தனிப் பாதத்தை மாட்டிக்கொள்ளுங்கள். மேல்துணியும் கீழ்த்துணியும் ஒரே வேகத்தில் நகரும். தையல் நீளம் 3 மி.மீ. முதல் கோடு நடுவில், பிறகு அதற்கு இருபுறமும். சதுரங்களின் மூலைவிட்டத்தில் கோடு ஓட்டினால் இந்தக் கோலத்துக்கு எடுப்பாக இருக்கும்.

ஓரம் கட்டுதல்

சுற்றளவு 192 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 204. ஆறு பட்டைகளையும் 45 பாகை சாய்வில் இணைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்துத் தேயுங்கள். நேராக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் குவியும். மிகுந்த பஞ்சையும் அடித்துணியையும் சீவிவிட்டு, முகப்புப் பக்கம் பட்டியின் திறந்த விளிம்புகள் போர்வையின் விளிம்போடு ஒன்றாக இருக்குமாறு வைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். முதல் 8 இன்ச்சைத் தைக்காமல் விடுங்கள். கால் இன்ச் ஓரத்தில் தைத்து வந்து, மூலைக்குக் கால் இன்ச் முன்னால் நிறுத்தி நூலை அறுத்துவிடுங்கள். பட்டியை மேல்நோக்கி 45 பாகைக்கு மடித்து, பிறகு அடுத்த விளிம்போடு சேருமாறு கீழே மடித்து, மேல் விளிம்பிலிருந்தே மீண்டும் தையுங்கள். அந்தக் கால் இன்ச்சைத் தாண்டித் தைத்துவிட்டால் மூலை கூராகத் திரும்பாமல் மொக்கையாக நிற்கும்.

இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று 2½ இன்ச், அதாவது பட்டியின் விரிந்த அகலம் அளவுக்கு, ஏறியிருக்குமாறு வெட்டி அதே சாய்வில் இணையுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, மெஷின் தையல் மறையும் அளவுக்கு இழுத்து, கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் அடித்துணியோடு பிடித்துவிடுங்கள். ஊசி பஞ்சுவரை போகலாம், முகப்புக்கு வரக் கூடாது. பின்பக்க மூலையில் மடிப்பை முகப்புக்கு எதிர்த்திசையில் போட்டால் தடிப்பு இருபுறமும் பிரிந்து தட்டையாகப் படியும்.

முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக. சாயம் கசிந்திருந்தால் துணியை உலர விடாதீர்கள், இஸ்திரியும் வைக்காதீர்கள். நிறையத் தண்ணீரில் சோப்போடு ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.